முக்கால் வினாடி

தட்டை முகம் என்னைப் பார்க்க
இடது கால் தரை, வலது கால் மின்சாரம்,
நடுக்கால்தான் பேசும்.
இதைத் திருப்பி மாட்டியதில்
முதல் உணரி தன் சூட்டில் தானே வெந்து
என் கட்டைவிரலில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனது.
வெப்பம் அளக்கத்தான் வாங்கினேன்,
சிம் லிம் டவரில், ஐந்து உருப்படி இருபத்திரண்டு வெள்ளிக்கு.
மிச்சம் நான்கு.

ஈசூனில் பதினோராம் மாடி.
வீவக வீட்டின் உள்ளறை எனக்கு.
ஒப்பந்தத்தில் எழுதாத விதிகள் வாய்மொழியாக வந்தன:
சமைக்கக் கூடாது, மேகி பரவாயில்லை.
ஏசி இரவு ஒன்பதுக்கு மேல்.
இருபத்தைந்துக்குக் கீழே இறக்கக் கூடாது.
"உன் ரூம் கூல்தான் லா" என்பார் திருமதி குவெக்
மின்கட்டண ரசீதால் விசிறிக்கொண்டே.

எனக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது.
கம்பி சீவத் தெரியும்.

இரண்டாவது உணரி சுடவில்லை. பேசவும் இல்லை.
திரையில் மைனஸ் நூற்றிருபத்தேழு.
அவ்வளவு குளிர் ஈசூனில் ஏது?
எதிர்முனையில் ஆளில்லை என்பதற்கு
நிரல் கைவசம் வைத்திருக்கும் எண் அது.
டப்பாவைக் கொட்டித் தேடினேன்:
மஞ்சள், ஊதா, சிவப்பு, ஓரத்தில் பொன் வளையம்,
அரிசியைவிடச் சற்றே பெரிய மின்தடை.
யாரும் பேசாத நேரத்தில்
கம்பி தொய்ந்துவிடாமல் மேலே இழுத்துப் பிடிக்க
அப்படி ஒன்று வேண்டுமாம்.

மாட்டியதும் எண்பத்தைந்து என்றது.
மறுபடி கேட்டேன். எண்பத்தைந்து.
அது உண்மையானால் இந்நேரம் நான் இட்லி.

கையேட்டைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.
அளப்பதற்கு முன்பே அதன் வாயில் இருக்கிற பதிலாம் அது.
கேட்ட மாத்திரத்தில் படித்தால் அதைத்தான் தரும்.
கேட்டுவிட்டு முக்கால் வினாடி பொறுக்க வேண்டும்,
அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில்
"எப்படிடீ இருக்கே" என்று முடிக்குமுன்
"நல்லா இருக்கேன்" என்கிறேனே,
அது எண்பத்தைந்து.
அவளும் பொறுப்பதில்லை,
மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரி என்று போய்விடுவாள்.

பொறுத்தேன்.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.

போதும், இதை அனுப்பலாம்தான்.
ஆனால் ஒப்பிட ஒன்று வேண்டுமே,
கூடம் குளுகுளு, என் அறை மட்டும் அடுப்பு என்று காட்ட.
ஒரே கம்பியில் எத்தனை பேரும் தொங்கலாம்.
ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே அறுபத்துநான்கு துகளில் ஓர் அடையாளம்,
என் வேலை அனுமதி எண்ணைவிட நீளம்.
அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அது மட்டும் வாய் திறக்கும்.
கதவிடுக்கில் கம்பியை விட்டு
மூன்றாவதைக் கூடத்துச் சோபாவின் பின்னால் ஒட்டிவைத்தேன்.

இரவு இரண்டரை. மழைக்காக ஜன்னல்கள் சாத்தியிருந்தன.
என் அறை: இருபத்தாறு புள்ளி இரண்டு.
கூடம்: முப்பத்துமூன்று புள்ளி ஒன்று.
பிழைக்கு அரை டிகிரி விட்டுக்கொடுத்தாலும்
மிச்சம் நிறைய.

இந்த அறை எனக்கு, பக்கத்து அறை பர்மாக்காரத் தாதிக்கு.
எட்டு மாதமாக இரவில் கழிவறைக்குப் போகும்போது
அந்தச் சோபாவை, அதில் ஒருக்களித்த முதுகை,
தட்டாமல் சுற்றிப் போகப் பழகியிருந்தேன்.

எழுதி வைத்த புகார் போனில் இருந்தது.
அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.

காலையில் கோப்பி ஓவோடு வந்து திரைமுன் நின்றார்.
இரண்டு கோடுகள்.
"எது நான்?"

மேல் கோட்டைக் காட்டினேன்.
"ராத்திரி ரொம்பப் புழுக்கமா?"

"ஓகே லா" என்றார் உடனே.

நான் ஒன்றும் பேசவில்லை.
அவர் கோப்பியை ஊதினார்.

"மே மாசம் இன்னும் மோசம்" என்றார்.